பழைய மாணவர் சங்கம்: கொடைக்கானலை விட்டுவிட்டு இந்த வருடம் எங்கே போகலாம்?

வைகை வடகரை (98 பேட்ச், தாவரவியல்)

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் வாயைத் திறந்த பாவத்துக்கு, இந்த வருடம் சங்கத்தின் சுற்றுலா, கலைநிகழ்ச்சிப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் உங்களிடம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன்.

வருடத்துக்கு இரண்டே நிகழ்ச்சிகள்தான் நமக்கு. ஒன்று, ஓட்டலில் இரவு விருந்து. மேடையில் பொன்னாடை, நினைவுப் பரிசு, நாலு பேர் பேச்சு, அப்புறம் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை. அவரவர் பேட்ச் ஆட்களோடு ஒரு வட்ட மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். பக்கத்து மேசைக்காரர் எந்த வருடம் படித்தார் என்றுகூடத் தெரியாது. இன்னொன்று கொடைக்கானல். அதற்கு யார் வருகிறார்கள் என்று பழைய போட்டோக்களைப் பாருங்கள். அதே முகங்கள், எல்லாம் ஆண்கள், எல்லாம் நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வருவதில்லை, எழுபது தாண்டியவர்கள் வருவதில்லை, பெண்கள் சுத்தமாக வருவதில்லை. அப்புறம் அது எப்படி சங்கத்தின் சுற்றுலா?

என் யோசனை இதுதான். மாதம் ஒரு ஞாயிறு. காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டோடு முடித்துவிட வேண்டும். மதுரையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கீழடி, சமணர் மலை, அரிட்டாபட்டி, அழகர் மலை, காந்தி மியூசியம் என்று மனதில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் இதில் பாதிக்கு நாம் போனதே இல்லை. கீழடிக்கு அப்போது பெயரே கிடையாது, 2014-15இல்தானே தோண்டவே ஆரம்பித்தார்கள்.

எதிர்ப்பு இருந்தாலும் சொல்லுங்கள், பரவாயில்லை.

பழங்காநத்தம் பையன் (2016, கணினி அறிவியல்)

அண்ணே, எதிர்ப்புதான். கோபப்படாதீங்க.

நாங்கள் பெங்களூரிலிருந்து வெள்ளி இரவு பஸ் ஏறி வருவது கூட்டாளிகளோடு ரெண்டு நாள் இருக்கத்தான். காலை ஆறு மணிக்கு எழுப்பி மியூசியத்துக்குக் கூட்டிப்போனால் அது ஸ்கூல் எக்ஸ்கர்ஷன். வரிசையாக நின்று நோட்டில் எழுதச் சொல்லுவீங்களோ என்று பயமாக இருக்கிறது. கொடைக்கானலில் குளிர் இருக்கிறது, ராத்திரி உட்கார்ந்து பேசலாம். உள்ளூரில் அரை நாள் என்றால் ஒவ்வொருத்தனும் பதினோரு மணிக்கே 'வீட்டுல விருந்தாளி' என்று நழுவிவிடுவான். எங்கள் பேட்ச் குழுவில் கேட்டேன், பாதிப் பேர் கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டார்கள்.

சிம்மக்கல் அக்கா (93, ஆங்கிலம்)

தம்பி, நீ சொன்ன அந்த ராத்திரிப் பேச்சினால்தான் நாங்கள் வருவதில்லை. பாட்டில் திறந்த பிறகு அந்தப் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை குடும்பத்தோடு வந்துவிட்டு எட்டு மணிக்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதும்.

வடகரை, யோசனை நல்லது. ஆனால் ஆண்கள் போடுகிற திட்டத்தில் எப்போதும் ஒன்று விட்டுப்போகும். கழிப்பறை எங்கே என்று முதலில் எழுதுங்கள், இடத்தைப் பிறகு எழுதுங்கள். சமணர் மலை உச்சியில் ஒன்றும் கிடையாது. மலையடிவாரத்தில் என்ன வசதி என்று யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் தேவைப்படும் விஷயம் இது. தண்ணீரே குடிக்காமல் மலையேறும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், காரணம் இதுதான்.

கீழடி அந்த வகையில் வசதி. மியூசியம் வாசல் வரை வேன் போகும், உள்ளே எல்லாம் இருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டி, நடுவில் முற்றம் விட்டிருக்கிறார்கள். நிழலில் உட்கார இடம் உண்டு. 'அதெல்லாம் எல்லாரும் பார்த்திருப்பாங்க' என்று நினைக்க வேண்டாம். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் கேட்டுப்பார்த்தேன். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தபோது ராமேஸ்வரம் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர்கள் சிலர். மற்றவர்கள் 'போகணும் டீச்சர், போகணும்' என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள்.

மேலூர் ரோடு (89, வரலாறு)

அரிட்டாபட்டி என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்து ஊர்.

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று 2022 நவம்பரில் அரசு அறிவித்தது அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத்தான். 193 எக்டேருக்குக் கொஞ்சம் கூடுதல். ஏழு குன்றுகள், அவற்றின் அடியில் கண்மாய்கள், சுனைகள். லகர் வல்லூறு என்று ஒரு வேட்டைப் பறவை அங்கே பாறையில் கூடு கட்டுகிறது. பறவை பார்க்கிற ஆட்கள் பைனாகுலரோடு விடிவதற்கு முன்பே வந்து நிற்பார்கள்.

வரலாற்றுக்காரன் என்பதால் எனக்குப் பிடித்தது கழிஞ்சமலைப் பக்கம். பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. சின்னது. அதில் பாசுபத சைவத்தின் குருவான லகுலீசர் சிற்பம் உண்டு. தமிழ்நாட்டில் அது அபூர்வம், தெரியாதவர்கள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு முனிவர் என்று தாண்டிப் போய்விடுவார்கள். இன்னொரு பக்கம் சமணர் குகைத்தளம், அங்கே தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் கல்வெட்டு, பாறையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவர், அதன் அருகில் பிற்கால எழுத்தான வட்டெழுத்து. பிராமிக்கும் வட்டெழுத்துக்கும் நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. அந்த ரெண்டையும் ஒரே காலைப் பொழுதில் ஒரே ஊரில் பார்த்துவிடலாம். ஒரு செமஸ்டர் முழுக்க நான் வகுப்பில் தூங்கியபடி கேட்டது அங்கே நின்றால் பத்து நிமிஷத்தில் புரிந்துபோகும்.

ஆனால் ஒரு நிபந்தனை. அது டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை, ஊர். டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்று தெரிந்ததும் அந்த ஊர்க்காரர்களும் சுற்றுவட்டாரமும் சேர்ந்து போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்கள். மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்த அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அப்படிக் காப்பாற்றிய இடத்துக்கு நாம் ஐம்பது பேர் போய் பிரியாணிப் பொட்டலம், பிளாஸ்டிக் டம்ளர், ஸ்பீக்கர் பெட்டி என்று இறங்கினால் அசிங்கம். இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மழை முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்கிற மார்கழி, தையில் போனால்தான் அழகு. பங்குனியில் போனால் பாறையில் தோசை சுடலாம்.

தல்லாகுளம் 71 (பொருளாதாரம்)

குழந்தைகளே, எல்லாரும் மலை மலை என்கிறீர்கள். என்னைப் போன்றவர்களை என்ன செய்வதாக உத்தேசம்? 'பெரியவங்க வேன்லயே உக்காருங்க, நாங்க போயிட்டு வந்துடறோம்' என்பீர்கள். ஏ.சி.யை டிரைவர் நிறுத்திவிடுவார். அதற்கு நான் வீட்டிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

முழங்கால் சம்மதிக்கிற இடம் ஒன்று சொல்கிறேன். தமுக்கம். ராணி மங்கம்மாள் அரண்மனைதான் 1959இலிருந்து காந்தி மியூசியம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. ஏறுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை, மரங்கள் உண்டு, பெஞ்சு உண்டு. அதோடு மேலமாசி வீதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறியது அந்த வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான். இப்போது கீழே கதர்க்கடை. நாம் கல்லூரிக் காலத்தில் அந்த வாசலைத் தாண்டித்தான் சினிமாவுக்குப் போவோம், ஒருத்தனும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

செப்டம்பர் 22ஐ ஒட்டி வரும் ஞாயிறு காலை வைத்தால் பொருத்தம். பேச்சாளர் யாரும் வேண்டாம், தயவுசெய்து.

கணக்குப்பிள்ளை (95, வணிகவியல்)

பொருளாளர் என்ற முறையில் நாலு வார்த்தை.

ஒன்று, கல்வி உதவித்தொகை நிதியிலிருந்து ஒரு பைசா சுற்றுலாவுக்குப் போகாது. போன தடவை வேன் வாடகைக்குப் 'பிறகு கட்டிவிடலாம்' என்று எடுத்ததை வசூலிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது பெயர் கொடுத்துவிட்டு வராதவர்கள். வாட்ஸ்அப்பில் 'நானும் வர்றேன்' என்று கை தூக்குவது இலவசம், அதனால்தான் நாற்பது கை எழும்பி பதினெட்டு பேர் வண்டி ஏறுகிறார்கள். மிச்சப் பேருக்கு வாங்கிய இட்லியை நான் என்ன செய்ய? இனி பணம் வந்த பிறகுதான் பெயர் ஏறும். வியாழக்கிழமை வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும், அதற்குப் பிறகு திரும்பாது. ஜிபே, ரொக்கம் எதுவானாலும் சரி. பெரியவர்கள் ரொக்கமாகவே தரட்டும், வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அரை நாள் என்பதில் எனக்கு சந்தோஷம். அறை வாடகை இல்லை, ராத்திரிச் சாப்பாடு இல்லை. வேனும் காலை டிபனும் மதியச் சாப்பாடும் மட்டும் என்றால் கொடைக்கானலுக்கு ஒருத்தர் கொடுக்கிற பணத்தில் இங்கே ஒரு குடும்பமே வந்துவிடும்.

கூத்துப் பித்தன் (2001, தமிழ்)

பழங்காநத்தம் தம்பிக்கு ராத்திரி வேண்டும், அக்காவுக்குப் பாட்டில் வேண்டாம். ரெண்டுக்கும் சேர்த்து ஒன்று சொல்லட்டுமா? ஸ்பெஷல் நாடகம்.

சிரிக்காதீர்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர்கள் நடிக்கும் தன் பாலர் சபையைத் தொடங்கியது இந்த மதுரையில்தான். அவர் எழுதிய பாட்டும் வசனமும் இன்றைக்கும் நம் ஊர்ப்புறத்தில் மேடையேறுகிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு முத்தாலம்மனுக்கோ காளியம்மனுக்கோ திருவிழா, ராத்திரி பத்து மணிக்கு வள்ளி திருமணம். விடிய விடிய நடக்கும். நோட்டீஸில் ராஜபார்ட் (கதாநாயகன்) யார், ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி) யார், சிரிக்க வைக்கிற பபூன் யார், ஆர்மோனியம் யார் என்று போட்டோவோடு போட்டிருப்பார்கள். சுவாரசியம் என்னவென்றால் இவர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் கிடையாது. ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஒருவர் திண்டுக்கல்லிலிருந்து. ஒத்திகை எதுவும் கிடையாது. மேடைக்குப் பின்னால் வணக்கம் சொல்லிக்கொண்டு நேராக ஏறிவிடுவார்கள். எல்லாருக்கும் பாடம் தெரியும் என்பதுதான் நம்பிக்கை. அதனால் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம் ஒவ்வொரு ராத்திரியும் வேறு மாதிரி இருக்கும். நாரதர் ஏதாவது எடக்காகக் கேட்டால் வள்ளி அங்கேயே பதில் கட்ட வேண்டும். திணறினால் முன்வரிசைப் பாட்டி சும்மா விடமாட்டார்.

ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார இடம் பிடிப்பதுதான் வித்தை. நடிகருக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பது, அடி மறந்தால் பின்பாட்டில் நினைவூட்டுவது, பபூனோடு வம்பு பேசுவது எல்லாம் அவர்தான். நாடகத்தை நடத்துவதே அந்தப் பெட்டி என்று சொல்வேன்.

செலவு? டிக்கெட்டே கிடையாது. ஊர்க்காரர்கள் காசு போட்டு நடத்துவது. நாம் போர்வையும் ஒரு ஃபிளாஸ்க் சுக்குக் காப்பியும் கொண்டுபோனால் போதும். ஊர்க் கமிட்டியிடம் அன்பளிப்பு கொடுத்தால் மைக்கில் சங்கத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள், தலைவருக்கும் மனசு குளிர்ந்துவிடும்.

பழங்காநத்தம் பையன் (2016)

அண்ணே இதுக்கு நான் வர்றேன். சத்தியமாக. நான் சின்ன வயதில் அம்மாச்சி ஊரில் பார்த்தது, பாதியிலேயே தூங்கிவிடுவேன். எங்கள் பேட்சில் கட்டைவிரலைக் கீழே காட்டினவனும் இப்போது 'எந்த ஊர், எந்தத் தேதி' என்று கேட்கிறான்.

சிம்மக்கல் அக்கா (93)

கூத்துப் பித்தன், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பபூன் காமிக் என்று ஆரம்பத்தில் நடக்கிறதே, அதில் வருகிற ரெட்டை அர்த்தத்தைக் கேட்டுவிட்டு என் மகள் 'அம்மா, அப்படின்னா என்ன' என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? கலை என்று எல்லாவற்றையும் பூசி மெழுக வேண்டாம். அந்த மேடையில் ஆடுகிற பெண்களை எப்படிப் பேசுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

கூத்துப் பித்தன் (2001)

நியாயம், அக்கா. மறுக்கவில்லை. எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்றாலும் பல இடத்தில் அப்படித்தான். பபூன், டான்ஸ் பகுதி முதலில் வந்து முடிந்துவிடும், அதன் பிறகுதான் கதை. பிள்ளைகளோடு வருபவர்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு வந்தால் நேராக வள்ளியில் ஆரம்பிக்கலாம். பிள்ளைகள் அந்நேரத்துக்கு விழித்திருந்தால்.

சென்னைவாசி (2004, இயற்பியல்)

வெளியூர்க்காரர்கள் சார்பாக ஒரு விண்ணப்பம். எல்லாரும் ஊருக்கு வருவது சித்திரைத் திருவிழாவுக்குத்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கே சங்க நிகழ்ச்சி வைத்தால் தனியாக லீவு போட வேண்டாமே?

வைகை வடகரை (98)

மாப்ள, திருக்கல்யாணத்திலிருந்து எதிர்சேவை, ஆற்றில் இறங்குகிறது, தசாவதாரம், பூப்பல்லக்கு வரைக்கும் என் வீட்டில் பாயில்கூட இடம் இருக்காது. கோரிப்பாளையத்தில் வேனை எங்கே நிறுத்துவாய்? அழகரைப் பார்க்க வருகிற ஜனத்துக்கு நடுவில் சங்க பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் நடக்கிற காரியமா? சித்திரையில் அவரவர் வீடு, அவரவர் மண்டகப்படி. பொங்கலுக்கும் அதே பதில்தான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று நாளும் டி.வி.யில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆவணி, ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின வாரம் என்று வெளியூர் ஆட்கள் வருகிற சமயமாகப் பார்த்து ஒன்று வைக்கிறேன்.

மேலூர் ரோடு (89)

ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. போய் நின்றால் விளக்கிச் சொல்ல ஆள் யார்? கல்வெட்டு என்பது தெரியாதவன் கண்ணுக்கு உளிக் கீறல். கீழடியிலும் அப்படித்தான், 'குவிரன் ஆதன்' என்று பானை ஓட்டில் கீறியிருப்பதைப் பார்த்து 'சரி, ஏதோ எழுத்து' என்று நகர்ந்துவிட்டால் பத்து நிமிஷத்தில் மியூசியம் முடிந்துவிடும். பானையில் ஒருத்தன் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான், அதைப் பொறித்தது அரசன் இல்லை, சாதாரண ஆள் என்று எடுத்துச் சொன்னால்தான் அங்கேயே நிற்கத் தோன்றும்.

நம் துறையில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள், ஆட்டோ அனுப்பிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். சமணர் மலைக்கு வேறு வழியும் உண்டு. பசுமை நடை அமைப்பினர் இந்த மலைகளுக்கெல்லாம் பல வருடங்களாக ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். நாம் தனிக் கூட்டம் போடுவதைவிட, அவர்கள் போகிற அன்றைக்கு நாமும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். பேனர் இல்லாமல்.

தல்லாகுளம் 71

சமணர் மலைக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறமாட்டேன். கீழக்குயில்குடி அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. நீங்கள் பேச்சிப்பள்ளம் வரை ஏறி, வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களையும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், நானும் என் வயதுக்காரர்களும் ஆலமரத்தடியில் உங்கள் டிபன் கேரியருக்குக் காவல் இருக்கிறோம். குரங்குக்கு அல்ல, கணக்குப்பிள்ளைக்காக.

வைகை வடகரை (98)

ஐயா, அப்படியே ஆகட்டும்.

சரி, எல்லாவற்றையும் படித்துவிட்டு இப்படி வைத்திருக்கிறேன். முதலில் செப்டம்பர் 22க்கு அடுத்த ஞாயிறு மேலமாசி வீதி, தமுக்கம், பேச்சாளர் இல்லாமல். ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கீழடி. மார்கழியில் சமணர் மலை, அடிவாரத்தில் கழிப்பறைக்கு என்ன வழி என்று நானே முந்தின வாரம் போய்ப் பார்த்து இங்கே எழுதுகிறேன். தையில் அரிட்டாபட்டி, இருபத்தைந்து பேர், மேலூர் ரோடு அண்ணன் பொறுப்பு. பங்குனியில் நாடகம், ஊரும் தேதியும் கூத்துப் பித்தன் சொல்வார். அழகர் மலையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அழகர்கோயில் தோசைக்காகவே தனியாக ஒரு நாள் போக வேண்டும்.

இரவு விருந்து இந்த வருடம் கிடையாது. நினைவுப் பரிசு வாங்கிச் சேர்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். கொடைக்கானல் போகிறவர்களைத் தடுக்கப் போவதில்லை, தாராளமாகப் போங்கள். சங்கத்தின் பெயரும் ரசீதுப் புத்தகமும் அதற்கு வராது.

இன்னொன்று. வேனில் பேட்ச் வாரியாக உட்காரக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடப் போகிறேன். தம்பி பழங்காநத்தம், உனக்குத் தல்லாகுளம் ஐயா பக்கத்தில் சீட்டு விழுந்தால் பஞ்சாயத்துக்கு வராதே.

பழங்காநத்தம் பையன் (2016)

சத்தியமாக வரமாட்டேன். ஆனால் காலை ஆறு மணியைக் கொஞ்சம் ஆறே முக்காலாக ஆக்க முடியுமா அண்ணே?

தல்லாகுளம் 71

முடியாது. எனக்கு நாலரைக்கே விழிப்பு வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை (95)

ஆறரை. அதற்கு மேல் பேச்சில்லை. மேலமாசி வீதி நடைக்குக் காலை டிபன் பொங்கல், வடை, காப்பி. மதியச் சாப்பாடு சைவம் யார், அசைவம் யார் என்று பணத்தோடு சேர்த்து வியாழக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். புரட்டாசி என்பதால் அசைவம் சொல்பவர்கள் வீட்டில் ஒரு முறை கேட்டுவிட்டுச் சொல்லவும்.